போதகர் கோட்டும் பீச் பழ வாசனையும்

கர்த்தருக்குள் மிகவும் மதிப்புக்குரிய வெர்னன் மாமாவுக்கு,

மார்லா எழுதுவது. முதலில், கடிதம் எழுதுவதற்கே மன்னிக்க வேண்டும். ஒரே மாநிலத்தில் இருந்துகொண்டு, கையில் போனும் வைத்துக்கொண்டு, இவள் எதற்குத் தபால்தலை ஒட்டுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் "சரிங்க மாமா" என்பதைத் தவிர என் வாயில் வேறு எதுவும் வராது. இன்று காலையில் அம்மா கூப்பிட்டு, "சனிக்கிழமை காலைல மாமா வண்டிய எடுத்துட்டு வர்றாரு, பெட்டியைக் கட்டி வை" என்றபோதும் "சரிம்மா" என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று புரிந்து, தபால்தலை தேட ஆரம்பித்தேன். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தீவனக் கடைக்குப் புதிதாக வந்த எடை மெஷின் இப்போதாவது உங்கள் பேச்சைக் கேட்கிறதா? நான் சுகமாக இருக்கிறேன். கழுத்தில் குளவி கொட்டிய இடம் மட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. அதைப் பற்றிக் கீழே வருகிறது.

உங்கள் சபை யூனிஸ் பிளெவின்ஸ் அம்மாள் என்னைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை, மாமா. அவர் நேற்றுக் கண் டாக்டரைப் பார்க்க இந்த ஊருக்கு வந்தபோது என்னைப் பார்த்தது மதுக்கடையில்தான். என் தள்ளுவண்டி நிறைய ஓட்கா புட்டிகள் இருந்தன. கடைக்காரரிடம் நான், "போன வாரம் வாங்குனதெல்லாம் தீர்ந்துபோச்சுங்க. அது ரொம்ப இனிப்பு, எனக்கு ஒத்துக்கலை. வெறும் சரக்கா, இருக்கிறதுலயே பெரிய புட்டியா குடுங்க" என்று சொன்னதும் உண்மை. திரும்பிப் பார்த்தால் யூனிஸ் அம்மாள் நிற்கிறார். அவர் அங்கே ஏன் வந்தார் என்று நான் கேட்கவே இல்லை. அவராகத்தான், கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பழங்களை ஜூன் மாதமே விஸ்கியில் ஊற வைத்தால்தான் பதமாக வரும் என்றார். நம் மாவட்டத்தில் மதுக்கடையே கிடையாது என்பதால் பாவம் இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது. நீங்கள் வருஷா வருஷம் விரும்பி இரண்டாவது துண்டு கேட்டு வாங்கும் அதே கேக்தான்.

அவர் ஊருக்குப் போனதும் சபையின் ஜெபச் சங்கிலியைத் தொடங்கிவிட்டார் என்று அம்மா சொன்னாள். ஒருவர் அடுத்தவரைக் கூப்பிட்டு எனக்காக ஜெபிக்கச் சொல்ல, அவர் அதற்கு அடுத்தவரைக் கூப்பிட, முதல் வீட்டில் மதுக்கடையில் நின்ற நான் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டேனாம். கடைக்காரருக்கு உங்கள் வயதிருக்கும், மாமா. எனக்காக ஜெபித்த அனைவருக்கும் நன்றி சொல்லுங்கள். ஜெபம் எனக்கு நிஜமாகவே தேவைதான். காரணம்தான் வேறு.

என் பட்டமளிப்பு விழாவுக்கு நீங்கள் உங்கள் கறுப்பு கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். நம் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்று பார்க்கிங்கில் நின்ற போலீஸ்காரரிடம்கூடச் சொன்னீர்கள். பிறகு என்னிடம், "ஏம்மா, என்னதான் படிச்ச?" என்று கேட்டீர்கள். "நாடக உடை வடிவமைப்பு, மாமா." "அப்போ தையலா?" "சரிங்க மாமா" என்றேன். அன்றே விளக்கியிருக்க வேண்டும்.

தையலும் உண்டு. ஆனால் ஒரு மனிதர் மேடைக்கு வந்து வாயைத் திறப்பதற்கு முன்பே, அவர் யார், கையில் வசதி உண்டா, வீட்டில் யாராவது அவருக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறார்களா என்பதெல்லாம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிட வேண்டும். அதைச் செய்வதுதான் எங்கள் வேலை. வாயில் குண்டூசி வைத்துக்கொண்டு வேலை செய்வதால் யாரும் என்னிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. இந்தத் தொழிலில் எனக்கு முதலில் பிடித்ததே அதுதான். எங்கள் தலைமை வடிவமைப்பாளர் கொரீன் அம்மா இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறார். லூயிவில்லில் ஒரு நாடகம், சின்சினாட்டியில் ஒன்று, பனிக்காலத்தில் மில்வாக்கியில் ஒன்று. வீடு எங்கே என்று கேட்டால் கார் சாவியைக் காட்டுவார். காரில் பக்கத்து இருக்கையில் தலையில்லாத தையல் பொம்மை ஒன்று பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். ஒருமுறை போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியபோது, "சத்தம் போடாதீங்க, அவ தூங்குறா" என்றாராம். அவர் போன மாதம் வேறு ஊரில் பெரிய வாய்ப்பு வந்து பாதியில் கிளம்பிவிட்டார். போகும்போது என் தோளைத் தட்டி, "இந்த நாடகம் இனிமே உன்னோடது, மார்லா. பயப்படாதே. பயந்தாலும் ஊசியைக் கீழே போடாதே" என்றார். நான் பயந்தேன். ஊசியையும் போட்டேன். அரங்கின் தலைவர் திரு. ஆல்டன் புரூஸ்டர் அதை மிதித்தார்.

அவர்தான் சொன்னார், இது நல்லபடியாக அமைந்தால் இலையுதிர் காலத்திலும் பனிக்காலத்திலும் வரும் நாடகங்கள் எனக்கு என்று. அமையாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. எனக்கே தெரியும். அம்மா வேலை செய்யும் கோழி பேக்டரியில் அம்மாவுக்கு அடுத்த இடம் காலியாக இருக்கிறது. அம்மா அதைத் துணியைப் போட்டுப் பிடித்து வைத்ததுபோல எனக்காக வைத்திருக்கிறாள்.

இப்போது ஓட்கா. கம்பளிக் கோட்டு, மணி கோத்த கவுன், இவற்றையெல்லாம் துவைக்க முடியாது, மாமா. சாயம் போகும், சுருங்கும். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் நடிகர்கள் வியர்த்துக் கொட்டி, மறுநாளும் அதையே போட வேண்டும். அதனால் மலிவான ஓட்காவைத் தெளிப்புப் புட்டியில் ஊற்றி, உடைக்கு உள்பக்கம் அடித்துக் காற்றில் தொங்கவிடுவோம். நாற்றத்தைக் கொன்றுவிட்டுத் தானும் ஆவியாகிப் போய்விடும். இந்த நாட்டில் நாடகக் கொட்டகை உள்ள ஊரில் எல்லாம் இதுதான் வழக்கம். யாரும் குடிப்பதில்லை. குடித்தால் பர்டி தொலைத்துவிடுவார். பர்டி எங்கள் உடையறைக்குப் பொறுப்பானவர், கதவு அகலம் இருப்பார், கதவு மாதிரியே சாத்துவார்.

என் தப்பு என்னவென்றால், பிறந்ததிலிருந்து மதுக்கடைக்குள் கால் வைக்காத பெண் நான் ஒருத்திதான் இந்தக் கொட்டகையில். போன வாரம் பர்டி என்னை அனுப்பினார். கடையில் எல்லாப் புட்டியும் ஒரே மாதிரி இருந்தது. ஒன்றில் மட்டும் அழகான பீச் பழப் படம். விலையும் குறைத்திருந்தார்கள். சோப்புப் பெட்டியில் பூப்படம் போடுவதில்லையா, அது போல அலங்காரம் என்று நினைத்தேன். ஓட்காவில் பழச்சுவையும் சர்க்கரையும் கலந்து விற்பார்கள் என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? ஞாயிறு பள்ளியில் குடியின் தீமைகளைச் சொன்னீர்களே தவிர வகைகளைச் சொல்லவில்லை. முன்னோட்டக் காட்சிக்கு முன்னால் எல்லா உடைகளுக்கும் இரண்டு தடவை அடித்தேன். பர்டிக்குச் சளி, மூக்கு அடைத்திருந்தது. எனக்கோ, நல்ல வாசனையாக இருக்கிறதே, இந்தத் தொழிலில் இதுவும் ஒரு சுகம் என்று பெருமையாக இருந்தது.

எங்கள் அரங்கு பழைய புகையிலைக் கொட்டாய். ஜூன் புழுக்கத்துக்கு இரண்டு பக்கக் கதவையும் திறந்து வைப்போம். கூரைச் சரிவில் குளவிக் கூடுகள் இருக்கின்றன, இதுவரை அவை எங்களைத் தொந்தரவு செய்ததில்லை. போன சனிக்கிழமை முன்னோட்டக் காட்சி, ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள். நாடகம் ஒரு பழைய காலத்துக் கல்யாணம். போதகராக லயனல் ஃபிட்ச் என்ற மூத்த நடிகர். கல்யாண ஜெபம் நீளமானது. கையை உயர்த்தி, "கர்த்தாவே, இந்தப் பிள்ளைகளை ஆசீர்வதியும்" என்று ஆரம்பித்தார். முதல் குளவி வந்து காலரில் உட்கார்ந்தது. "கர்த்தாவே" என்றார், கொஞ்சம் சத்தமாக. இன்னும் இரண்டு வந்தன. "கர்த்தாவே! ஐயோ கர்த்தாவே! முதுகுல, முதுகுல!" என்று குதித்தார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து நின்று "ஆமென்!" என்றார். பின்வரிசையில் ஒருவர் அழுதார். மணமகளின் அம்மாவாக நடிக்கும் ரமோனா வெய்ல் (அவரைக் கண்டால் திரு. புரூஸ்டருக்கே பயம்) உதவிக்கு எழுந்தார். கவுன் சர்க்கரைப் பிசினாகிப் பிரம்பு நாற்காலியில் ஒட்டியிருந்தது. நாற்காலியும் கூடவே எழுந்தது. அவர் பெரிய நடிகை, மாமா. நாற்காலியோடு ராணி மாதிரி நடந்து திரைக்குப் பின்னால் வந்தார், ஜனங்கள் கைதட்டினார்கள். வந்ததும் என்னைப் பார்த்து, "ஏய் பொண்ணு, இது கவுனா, ஈ பிடிக்கிற காகிதமா?" என்றார். என் வாயில் குண்டூசி இருந்தது. கடவுளுக்கு ஸ்தோத்திரம்.

அதற்குள் மேடையில் லயனல் கோட்டைக் கழற்றி வீசிவிட்டார். அது போய் மேடை ஓரத்துச் சூடான விளக்கின் மேல் விழுந்தது. பீச் பழ மிட்டாய் காய்ச்சுகிற வாசனை வந்தது, பிறகு புகை, பிறகு பர்டி வாளித் தண்ணீருடன். "அடிப் பாவி, சர்க்கரையையா அடிச்ச? கொட்டாய்க்கே கொள்ளி வைக்கப் பார்த்தியே!" என்று அவர் கத்தியது கடைசி வரிசை வரை கேட்டது. அணைத்துவிட்டுப் பார்த்தால் கோட்டின் முதுகில் ஒரு பெரிய தட்டு அளவுக்கு ஓட்டை. நான் அதை எடுக்கக் குனிந்தபோதுதான் கழுத்தில் கொட்டியது.

மற்ற உடைகளை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துச் சர்க்கரையை எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு அடிக்கத்தான் நேற்று வெறும் சரக்கு வாங்கப் போனேன். யூனிஸ் அம்மாள் பார்த்தது அதைத்தான். கோட்டுக்கு மட்டும் வழியில்லை. திரு. புரூஸ்டர் கத்தவில்லை. கத்தாமல் பேசுகிறவர்களிடம்தான் எனக்கு உயிர் போகும். "மார்லா, சனிக்கிழமை ராத்திரி முதல் காட்சி. பேப்பர்காரங்க வர்றாங்க. அந்தப் போதகர் கோட்டு இல்லாம திரை தூக்க மாட்டேன்" என்றார். கிடங்கு முழுக்கத் தேடினேன். எதுவும் லயனலின் தோளுக்கு ஏறவில்லை. நடிகர்கள் தங்கள் அளவைச் சொல்லும்போது கல்யாணமான புதிதில் இருந்த அளவைச் சொல்வார்கள், இவர் அதற்கும் முந்தையதைச் சொல்லியிருந்தார். புதிதாகத் தைத்தாலோ புதுசு மாதிரியே இருக்கிறது. நேற்று ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்தோம், போதகர் இன்ஷூரன்ஸ் விற்க வந்தவர் போல நின்றார்.

உங்களை நினைத்தால் பயம், திரு. புரூஸ்டரை நினைத்தால் பயம், ரமோனா அம்மா நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் பயம். ஆகவே மாமா, பெரியவர்கள் சொன்னால் நன்மைக்குத்தான் சொல்வீர்கள். சனிக்கிழமை நீங்கள் வரும்போது பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். அத்தைக்கும் சபையாருக்கும் என் வந்தனம். யூனிஸ் அம்மாளின் கண்ணுக்கும், கேக்குக்கும் நல்ல பலன் கிடைக்கட்டும். கர்த்தர் உங்கள் வழிப்பயணத்தைக் காப்பாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
மார்லா டாக்கெட்

பி.கு.: பெட்டி கட்டவில்லை, மாமா. பெட்டியில் தொப்பிகள் இருக்கின்றன.

அந்தப் போதகர் கோட்டை நான் எதைப் பார்த்து வரைந்தேன் என்று மேலே எழுதத் தைரியம் வரவில்லை. உங்கள் கறுப்பு கோட்டைப் பார்த்துத்தான். ஞானப்பாட்டுப் புத்தகம் வைத்து வைத்துத் தொங்கிப்போன இடது பை, பிரசங்க மேடையில் ஊன்றி ஊன்றிப் பளபளப்பான முழங்கை, அத்தை வேறு நூலில் தைத்த மூன்றாவது பொத்தான், எல்லாம் அப்படியே. படத்தைப் பார்த்ததும் திரு. புரூஸ்டர், "இந்த மனுஷனை எனக்குத் தெரியும் போலிருக்கே. இவர் வந்து நின்னா நான் எந்திரிச்சு நிப்பேன்" என்றார். கொரீன் அம்மா போன பிறகு இந்த நாடகத்தை அவர் என்னிடம் விட்டதே அந்தப் படத்தால்தான். லயனலுக்கும் உங்கள் தோள்தான்.

ஞாயிறு பிரசங்கம், கல்யாணம், சாவு, பட்டமளிப்பு என்று முக்கியமான காரியங்களுக்குத்தான் அதைப் போடுவீர்கள். என்னை மீட்டுக்கொண்டு போக வருவதும் முக்கியமான காரியம்தான், ஆகவே போட்டுக்கொண்டுதான் வருவீர்கள். வந்ததும் அதைக் கழற்றி என்னிடம் கொடுப்பீர்களா? துவைக்க வேண்டாம். சட்டையோடு மூன்றாவது வரிசையில் உட்காருங்கள், இடம் பிடித்து வைத்திருக்கிறேன், நாற்காலியையும் துடைத்துவிட்டேன். உங்கள் கோட்டு மேடைக்கு வரும்போது ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நாடகம் ஜூலை கடைசி வரை நடக்கும். தினமும் அதற்கு ஓட்கா அடிக்க வேண்டியிருக்கும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்கு, கோட்டும் இல்லாமல், நானும் இல்லாமல், நீங்கள் மட்டும் ஊருக்குத் திரும்பிப் போக முடியுமா, மாமா?