கம்பத்துக் கேப்டன்

காரைக்குடியில் சைக்கிளை ஒரே தடவையில் சொந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தத் தெரியாதவன் ஒருவன்தான் இருந்தான். ஊரிலேயே விமானம் ஓட்டத் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான். அறுபதுகளில் எங்கள் தெருவில் கம்பத்துக் கேப்டன் என்றால் பால்காரருக்குக்கூடத் தெரியும்.

அவன் வீட்டுக்கு நாலு வீடு முன்னால் ஒரு விளக்குக் கம்பம். அதைத் தாண்டும்போது சைக்கிளின் வேகமும் திசையும் கச்சிதமாக இருக்க வேண்டும். இம்மி பிசகினாலும் இறங்க மாட்டான். வீட்டைத் தாண்டிப் போய், தெருவைச் சுற்றிக்கொண்டு மறுபடி வருவான். விமானத்துக்கும் இதே சட்டமாம்: தரைக்கு ஐநூறு அடி இருக்கும்போது எல்லாம் சரியாக அமையவில்லை என்றால் மேலே ஏறிவிட வேண்டுமாம்.

வாசலில் நிற்கும் அவன் மனைவி, "எங்குட்டுப் போறீக, சோறு ஆறுது" என்று கேட்டால் பதில் வராது. தெருமுனையில் சைக்கிள் நேரான பிறகுதான், "இன்னொரு சுத்து சுத்தி வாரேன்" என்று குரல் வரும். முதலில் வண்டி, அப்புறம்தான் பேச்சு. விமான நிலையத்துக் கண்ட்ரோல் டவரே கூப்பிட்டாலும் அப்படித்தான் என்பான். கடைக்கு அனுப்பினால் கத்திரிக்காய், தேங்காய் என்று அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவான். டவர் சொல்வதைத் திருப்பிச் சொல்லிப் பழகிய பழக்கம்.

ஒருநாள் பின்னால் மாமனாரை உட்காரவைத்து ஐந்து சுற்று சுற்றினான். வாசலில் ஆடு படுத்திருந்தது. ஆறாவது சுற்றில் ஆடு எழுந்தது. அதற்குள் மாமனார் குன்றக்குடி முருகனுக்கு வேண்டிக்கொண்டு குதித்துவிட்டார்.

எனக்கு அவனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். மறைப்பானேன்? ஒரே பெஞ்சில் படித்து, விமானிப் பயிற்சிக்கு ஒரே நாளில் மனுப் போட்டோம். கண் பரிசோதனையில் எனக்கு எழுத்து அட்டையின் கடைசி மூன்று வரிகளும் எறும்புக் கூட்டமாகத் தெரிந்தன. அவனோ, அட்டையை அச்சடித்த அச்சகத்தின் பெயர்வரை வாசித்தான். அவன் மேகத்துக்கு மேலே போனான். நான் ஒரு அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவானேன். விடுமுறையில் அவன் சுற்றும்போதெல்லாம் என் மனைவி சன்னலுக்கு வந்து, "இது மூணாவது சுத்து, பாத்தீகளா?" என்பாள். நான் தினமும் சைக்கிளில் ஒரே தடவையில் வந்து இறங்குகிறேன். ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை.

எழுபதுகளில் ஓர் அவசரக் கோப்பைச் சென்னையிலிருந்து கொண்டுவர, அரசாங்கம் எனக்கு மதுரைக்கு ஒரு விமான டிக்கெட் எடுத்துத் தந்தது. ஏறிய பிறகுதான் தெரிந்தது, ஓட்டுபவன் அவன்.

மதுரையில் மழை. கீழே வயல்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. விமானம் ஆடியது. திடீரென்று பேரிரைச்சலுடன் மேலே ஏறியது. அதன்பின் அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டார்கள். நான் மட்டும் நிதானமாக உட்கார்ந்திருந்தேன். முதலில் வண்டி நேராகட்டும், அப்புறம் டவர், அதற்கும் அப்புறம்தான் நாம். நினைத்தபடியே கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் குரல் வந்தது: "சரியா அமையல. இன்னொரு சுத்து சுத்தி வாரோம்."

இரண்டாவது தடவையும் மேலே ஏறினான். மூன்றாவதில், இறங்கியதே தெரியாமல் இறக்கினான்.

முன்சீட்டில் வந்த பெரிய அதிகாரிக்கு ஏதோ கூட்டம் தவறிப்போயிற்று. இந்த விமானிக்குத் தொழில் தெரியவில்லை, வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று ஒரு புகார் எழுதி, நிலையக் கூடத்திலேயே கையெழுத்து வாங்கினார். ஏழு பேர் போட்டிருந்தார்கள். என்னிடம் வந்து, "நீங்க அவர் ஊராமே. உங்க கையெழுத்துக்கு மதிப்பு ஜாஸ்தி" என்றார்.

இத்தனை வருட வயிற்றெரிச்சலும் பேனா முனைக்கு வந்துவிட்டது. ஒரு கிறுக்கல் போதும், அவன் தரைக்கு வந்துவிடுவான். கை ஐநூறு அடிக்குக் கீழே இறங்கிவிட்டது. எதுவும் சரியாக அமையவில்லை.

பேனாவைத் தூக்கினேன். பிறகு ஏழு கையெழுத்துக்கும் கீழே, "மூன்றாம் சுற்றில் எல்லாம் சரியாக இருந்தது, பத்திரமாக இறங்கினோம்" என்று எழுதி, அதற்குக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி அதைப் படித்துவிட்டுக் காகிதத்தைக் கசக்கிப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

இது எதுவும் தெரியாமல் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான் கேப்டன். "என்ன மாப்ள, பயந்துட்டியா?"

"வயித்தெரிச்சல்டா" என்றேன். பசி என்று நினைத்து இட்லி வாங்கிக் கொடுத்தான்.

பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் அவன் ஊரில் இல்லாத நாட்களில், ஆபீஸ் விட்டு வரும்போது அந்தக் கம்பத்தைத் தாண்டி, என் வீட்டையும் தாண்டி, அவனுக்காக ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்குகிறேன்.