அலைக்குளத்தில் ஊசியம்மா

செந்துறைக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் பிறந்து வளர்ந்த எந்த இளைஞனையும் நிறுத்தி, சட்டைக் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். இடது தோளுக்குக் கீழே வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். அது ஊசியம்மா போட்ட கையெழுத்து.

கிராம சுகாதார நர்ஸாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, பெரம்பலூரில் எங்கள் எதிர்வீட்டுக்குக் குடிவந்தவர். தனி ஆள். நேரில் நர்ஸம்மா, முதுகுக்குப் பின்னால் ஊசியம்மா. இந்த இரண்டாவது பெயர் அவருக்குத் தெரியாது என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது.

அவர் வாசலில் இறங்கினால் தெரு கிரிக்கெட் நின்றுவிடும். பிள்ளைகளைக் கண்ணாலேயே எடை போடுவார். "பதினாலு கிலோ. பத்தாது. முட்டை குடு" என்று அம்மாக்களை விரட்டுவார். பெரியவர்களும் தப்ப முடியாது. ஒரு கல்யாணத்தில் மேடையேறி மாப்பிள்ளையை உற்றுப் பார்த்தவர், பெண் வீட்டார் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "இந்தப் பயதான ரெண்டாவது தவணை ஊசிக்குக் கட்டிலுக்கடியில போயி ஒளிஞ்சவன்? காலைப் புடிச்சு இழுத்தேன், டவுசர்தான் கையோட வந்துச்சு" என்றார். மாப்பிள்ளை மாலையைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர் எங்களோடு தண்ணீர்ப் பூங்காவுக்கு வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. மே மாத விடுமுறை. நான்கு குடும்பங்கள், ஒன்பது பிள்ளைகள், ஒரு வேன். விடிந்ததும் கிளம்பத் தயாரானபோது, ஊசியம்மா வேன் வாசலில் நின்றார். வெள்ளைப் புடவை, ரப்பர் செருப்பு, தோளில் தடுப்பு மருந்து கொண்டுபோகும் அந்த நீலப் பெட்டி.

பெட்டியைப் பார்த்ததும் வேனுக்குள் ஒன்பது பிள்ளைகளும் ஒரே குரலில் அலறின.

"எதுக்குக் கத்துறீங்க? மோருதான் இருக்கு. பனிக்கட்டி போட்டுக் கொண்டாந்திருக்கேன்."

பிள்ளைகள் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை.

வேனில் ஏறியதும், சொட்டு மருந்து முகாமில் செய்வதுபோல ஒவ்வொரு பிள்ளையின் சுண்டுவிரலிலும் மார்க்கர் பேனாவால் கோடு போட்டார். "ஒம்போது. தொலைஞ்சா நான் பொறுப்பு" என்றார்.

பூங்கா வாசலில் மூன்று மாவட்டத்து ஜனமும் நின்றது. வெளிச் சாப்பாடு உள்ளே போகக்கூடாது என்று காவலாளிப் பையன் பெட்டியைத் தடுத்தான்.

"தம்பி, எந்த ஊரு நீ?"

"உடையார்பாளையம் பக்கங்க."

"அம்மா ஊரு?"

"செந்துறைங்க. அங்கதான் பொறந்தேன்."

"சட்டைக் கையைத் தூக்கு."

அத்தனை கூட்டத்தில், சீருடை போட்ட ஒரு வளர்ந்த ஆள் மறுபேச்சில்லாமல் கையைத் தூக்கினான். ஊசியம்மா தழும்பைத் தடவிப் பார்த்தார். "நான் போட்டதுதான். நல்லா ஆறிருக்கு." பெட்டி உள்ளே போனது.

அடுத்த அதிர்ச்சி, எந்திரம் அலை கிளப்பும் அலைக்குளத்தில். ஐந்நூறு பேராவது மிதந்துகொண்டிருந்தார்கள். குளத்தங்கரையில் நின்று தண்ணீரை மோந்து பார்த்தவர், முகாமில் கூட்டத்தை அதட்டும் குரலில் கத்தினார்: "எவன்டா தண்ணியில ஒண்ணுக்குப் போனது? கையைத் தூக்கு!"

மூன்று கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று நரைத்த மீசைக்காரருடையது.

நாங்கள் அவரைத் தெரியாதவர்கள்போலக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டோம். அப்படித் தள்ளிப்போனதில்தான் வினை வந்தது. என் மகள் யாழினிக்கு அப்போது ஆறு வயது. குளத்துப் படியில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஊசியம்மாவிடம் காட்டியிருக்கிறாள். நான் கைப்பேசியில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஊசியம்மா கையில் மோர் டம்ளரோடு நின்றார். யாழினி இல்லை.

"இப்பத்தான் இங்க நின்னா. மோரு எடுக்கத் திரும்புனேன், ஆளைக் காணோம்."

அந்த நேரம் பார்த்து சங்கு ஊதியது. அலை கிளம்பியது. ஐந்நூறு பேரும் கூச்சலிட்டார்கள். வாடகைக்குக் கொடுத்த நீல நைலான் உடையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருந்தன. என் மனைவி புடவையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, "யாழினீ!" என்று அலறினாள். நான் இரண்டு பிள்ளைகளைத் தோளைப் பிடித்துத் திருப்பினேன். இரண்டும் வேறு யாருடைய பிள்ளைகளோ. அலையை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஒருவழியாக அலை அடங்கியது. பூங்கா ஆட்கள் தண்ணீரின் அடிவரை பார்த்தார்கள். இல்லை. சறுக்குகள், கழிப்பறைகள், வாசல், எங்கும் இல்லை. அரை மணி ஆகிவிட்டது.

ஊசியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். யாருக்கும் தலை குனியாத அந்த அம்மாளின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"தம்பி, தப்பு என்னுதுதான். ரத்தத்தைப் பாத்ததும் பழக்கத்துல சொல்லிட்டேன். 'இதுக்கு ஒரு ஊசி போடணும்டி'ன்னு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் அவர் அறிவிப்பு அறைக்குப் போய்விட்டார். அங்கிருந்த பெண்ணிடம் கேட்கக்கூட இல்லை. மைக்கைப் பிடுங்கினார். பூங்கா முழுக்க அந்தக் குரல் கேட்டது.

"யாழினி... நான் ஊசியம்மா பேசுறேன்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் நின்ற இரண்டு வாலிபர்கள் தங்களை அறியாமல் இடது தோளைப் பொத்திக்கொண்டார்கள்.

"சாமி, ஊசி கொண்டாரல. பெட்டியில மோருதான். முப்பது வருசமா புள்ளைங்ககிட்ட பொய் சொல்லித்தான் ஊசி போட்டேன். வலிக்காதும்பேன். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்பேன். அதெல்லாம் பொய்தான். இது நெசம்டி. உங்கம்மா தண்ணியில நின்னு அழுவுறா. நீ வராம நான் வூட்டுக்குப் போவ மாட்டேன்."

பிறகு மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. சறுக்கில் ஏறுகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

நீச்சல் உடை வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில், ஈரத்துணிக் குவியல் ஒன்று அசைந்தது. உள்ளிருந்து யாழினி வந்தாள். வலது கையால் இடது தோளை இறுகப் பிடித்திருந்தாள். நாங்கள் ஓடி வந்தோம். அவள் எங்களைத் தாண்டி நேராக அறிவிப்பு அறை வாசலுக்குப் போய் நின்றாள்.

"சத்தியமா ஊசி இல்லையா?"

"சத்தியமா இல்ல. உனக்குத் தேவையே இல்லடி. அஞ்சு வயசு ஊசி போன வருசமே நான்தான் புடிச்சுக்கிட்டுப் போட வச்சேன். மறந்துட்டேன்."

மாப்பிள்ளையின் டவுசரைக்கூட மறக்காதவர், மறந்துவிட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

யாழினி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "மோரு குடு" என்றாள். ஊசியம்மா டம்ளரில் ஊற்றியதில் பாதி கீழே கொட்டியது.

நாலு மணிக்கே கிளம்பிவிட்டோம். நெடுஞ்சாலையில் ஏறியதும் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தூங்கின. யாழினி கடைசி இருக்கைக்குப் போய், ஊசியம்மாவின் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். ஊசியம்மா என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கைகளையும் அந்தரத்தில் வைத்திருந்தார். வெகுநேரம் கழித்து ஒரு கையை மெல்ல அவள் முதுகில் வைத்தார்.

"எத்தனையோ புள்ளைங்களைத் தூக்கியிருக்கேன் தம்பி" என்றார் என்னிடம், சத்தம் போடாமல். "எல்லாத்தையும் பிடிச்சு இழுத்துத்தான் தூக்குனேன். தானா வந்து படுத்தது இதுதான்."

பொழுது சாயும் நேரத்தில் வேன் எங்கள் தெருவுக்குள் வந்து நின்றது. மற்றவர்கள் எல்லோரும் இறங்கினார்கள். நான் மகளைத் தூக்கக் கையை நீட்டினேன்.

"தூங்கட்டும் விடுங்க. செத்த நேரம் இப்படியே இருக்கேன்."

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நானும் என் மனைவியும் வேறு வேலையே இல்லாதவர்கள்போல, வேனுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தோம்.