பாவு ஏற்றியாயிற்று, யோர்தான்காவை அனுப்பி வைக்கவும்

விதினில் வசிக்கும் மதிப்புக்குரிய மைத்துனர் வெலிசார் அவர்களுக்கு, சிப்ரோவ்ட்சியிலிருந்து மெதோதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் ஆடும் நலம். அங்கு தாங்களும், தங்கள் முழங்காலும், கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் தங்கள் தங்கையும் என் மனைவியுமான யோர்தான்காவும் நலமாக இருக்க வேண்டும்.

நான் சொன்னது ஒரே வார்த்தை. "நாள் பூரா உக்காந்து நூலை இழுக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" அவள் தட்டை உடைக்கவில்லை. "அப்படியா? தறி சும்மாத்தான் நிக்குது. கம்பளத்துக்குப் பாவு ஏத்தி, நெட்டு நூலெல்லாம் கட்டி வையுங்க, அப்புறம் வரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போனையும் எடுப்பதில்லை. தங்களைக் கூப்பிட்டால் சிரிப்பீர்கள், அதனால்தான் கடிதம்.

திராட்சைத் தோட்டத்தில் கம்பி கட்டியே காலம் கழித்தவனுக்கு இதென்ன பிரமாதம் என்று தறியின் மேல்கட்டைக்கும் கீழ்கட்டைக்கும் நடுவே ஒவ்வொரு நூலாக வெட்டி, முறுக்கி, முடிச்சுப் போட்டேன், நடுவில் இறுகியது, ஓரத்தில் தொங்கியது, இன்னும் கொஞ்சம் இழுத்தேன், மேல்கட்டை மளுக்கென்றது. பக்கத்து வீட்டு கின்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, சமையலறையில திராட்சைக்குப் பந்தலா?"

"பின்னே எப்படிக் கட்டுறதாம்?"

"இருங்க, அடுப்புல ஏதோ வெச்சேன்" என்று ஓடினாள். திரும்பி வந்து, "நூலை வெட்டவே கூடாதாம், ஒரே நூல் மேலயும் கீழயும் சுத்திச் சுத்தி வரணுமாம்" என்றாள். எதைக் கேட்டாலும் இப்படித்தான், அடுப்பைப் பார்த்துவிட்டு வந்துதான் பதில். சுற்றினேன் மச்சான். நூல் பந்தோடு தறிக்கு முன்னால் ஓடினேன், பின்னால் ஓடினேன், ஆடு குறுக்கே வந்து அதையும் ஒரு சுற்று சுற்றிவிட்டேன். அப்புறம் விழுது, பாவு இழைகளைக் கோலோடு பிணைத்து முன்னால் இழுக்கும் நூல் கண்ணிகள். ஒன்று விட்டு ஒரு இழையில் கட்ட வேண்டுமாம். நான் எல்லா இழையிலும் கட்டிவிட்டேன், கோலை இழுத்தால் மொத்தப் பாவும் என்னைக் கட்டிப்பிடிக்க வருகிறது. அத்தனையும் அவிழ்த்தேன். அப்போது கொஞ்சம் அழுதேன், அதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

இப்போது எல்லாம் சரியாக நிற்கிறது. இது வேலைதான், என் வேலையைவிடப் பெரிய வேலை, ஒத்துக்கொள்கிறேன். அவள் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. கின்கா தினமும் தரும் பீன்ஸ் சூப் கூட அச்சு அசல் யோர்தான்கா கைப்பக்குவமாக இருக்கிறது, நாக்குக்குப் புத்தி பேதலித்துவிட்டது போல. தயவுசெய்து அவளை பஸ் ஏற்றிவிடுங்கள்.

தங்கள் முழங்கால் குணமாகட்டும், பிளம்ஸ் நன்றாகக் காய்க்கட்டும்.

அன்புள்ள,
மெதோதி

பின்குறிப்பு: அண்ணா, யோர்தான்கா எழுதறேன். நான் எப்போ உங்க வீட்டுக்கு வந்தேன்னு பதறாதீங்க, நான் கின்கா வீட்டைத் தாண்டவே இல்லை. தபால்ல சேர்க்கச் சொல்லி அவகிட்ட கொடுத்தார், நான் பிரிச்சுட்டேன். ஜன்னல் வழியாப் பாத்தேன், விழுது நல்லாத்தான் கட்டியிருக்கார். இப்பவே ஓடிடலாம்னு இருக்கு. ஆனா கடிதம் உங்ககிட்ட வந்து சேர நாளாகுமே, அதுக்கு முன்னாடி எப்படிப் போய் நிப்பேன்? சீக்கிரம் போன் பண்ணி, என்னை பஸ் ஏத்திவிட்டதா அவர்கிட்ட சொல்லிடுங்க. அதுவரைக்கும் சூப்புல உப்பைக் கூட்டிப் போடணும், இல்லேன்னா மனுஷன் கண்டுபிடிச்சிடுவார்.