லண்டன் அண்ணன் மாற்றிய கடைசி அத்தியாயம்

பிரிட்டிஷ் இலக்கியத்தை லண்டன்வாசிகளைவிட நன்றாக அறிந்தவர்கள், மலேசியாவில் பத்து பாகாட் என்ற ஊரின் ஃபேக்டரியில் சட்டை தைத்த நாங்கள் பதினோரு பெண்கள்தான். சத்தியமாகச் சொல்கிறேன். எல்லாம் எங்கள் வேன் டிரைவர் ‘லண்டன்’ அண்ணன் புண்ணியம்! அவர் லண்டனைக் கண்டவரில்லை. பக்கத்து ஊரான ஆயர் ஈத்தாமைத் தாண்டினாலே வழி தெரியாமல் முழிப்பார். தபால் வழியில் ஆங்கில இலக்கியம் படித்தார். படித்ததையெல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி எங்களிடம் ஒப்பிப்பார்.

இளவயதில் பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடிய ஒரு கவிஞர், வயதானதும் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டாராம். அதைச் சொன்ன அன்று அண்ணன் அடித்த ஹாரனில் முன்னால் போன கோழி லாரி ஒதுங்கி வழிவிட்டது.

“கட்சி மாறிட்டான்லா அந்த ஆளு!”

“அவரு செத்தே நூறு வருசத்துக்கு மேல ஆச்சுண்ணே, விடுங்க” என்றாள் சாந்தி அக்கா.

“எப்படி விடுறது?” அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

அடுத்து ஒரு நாவல். இங்கிலாந்தில் துணி ஆலை, கூலி குறைப்பு, வேலைநிறுத்தம். எங்களுக்கு அது பக்கத்து ஃபேக்டரிச் சண்டை போலவே இருந்தது. கதை சூடு பிடித்த வாரத்தில்தான் நோட்டீஸ் ஒட்டினார்கள்: அடுத்த மாதம் முதல் வேன் கிடையாது!

சாந்தி அக்காவின் கம்பம் உள்ளே தள்ளிய கிராமம், அதற்கு பஸ் இல்லை. அவளுக்கு மோட்டார் சைக்கிளும் ஓட்டத் தெரியாது. வேன் நின்றால் வேலை போச்சு. அழுதேவிட்டாள்.

அண்ணன் எங்களைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தார். மேனேஜர் நம்ம தமிழ்ப் பையன்தான். அண்ணன் கெஞ்சுவார் என்று பார்த்தால், கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்!

“வெளிய முந்நூறு பேரு நிக்கிறாங்க பாஸ். மொதலாளி கதவத் தொறந்தாரு...”

“அப்புறம்?”

“மீதி வேன்லதான். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு உங்க வீட்டு முன்னாடி நிப்பேன்.”

“அலமாக்! இப்ப எல்லார் வேலையும் போச்சு” என்று என் காதில் முனகினாள் அக்கா.

மறுநாள் மேனேஜர் சமர்த்தாக ஏறி உட்கார்ந்தார். அக்கா வீட்டு மண்சாலையில் அவர் தலை மூன்று முறை கூரையில் இடித்தது. அந்தச் சேற்றில் அக்கா தன்னந்தனியாக நின்றதைப் பார்த்தார். வேன் நிற்கப்போவதைப் பற்றி அண்ணன் மூச்சுகூட விடவில்லை, கதையை மட்டும் முடித்தார்: “மொதலாளி எறங்கி வந்தாரு. தொழிலாளிங்க ஜெயிச்சாங்க.”

நாங்கள் கைதட்டினோம், மேனேஜரும்தான். மத்தியானமே நோட்டீஸைக் கிழித்துவிட்டார்கள்.

போன மாதம் அந்த நாவலை வாங்கிப் படித்தேன். கடைசியில் முதலாளிக்குக் கல்யாணம் ஆகிறது, வேலைநிறுத்தம் தோற்றுப்போகிறது. நம்ப முடியாமல் திரும்பத் திரும்பப் புரட்டினேன். புத்தகத்தில் தோற்ற அத்தனை பேரையும் எங்கள் வேனில் ஏற்றி ஜெயிக்க வைத்திருக்கிறார், அந்த மனுஷன்.