கடைக்கும் பட்டறைக்கும் நானே போட்ட இணைப்பு

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கு நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். அங்கு நீயும் உன் மனைவியும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்பி மேற்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியிலேயே "அதை ஏன்க்கா தொட்டே?" என்று குறுக்கே விழுவாய். கடிதத்தில் உன்னால் வாயைத் திறக்க முடியாது.

விஷயம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம்! நம் கண்ணாடிக் கடையையும், ஊரின் மறுகோடியில் உன் அத்தான் லென்ஸ் தேய்க்கிற பட்டறையையும் ரவுட்டர் வழியாக நானே இணைத்துவிட்டேன்; இனி இங்கே கம்ப்யூட்டரில் பதிகிற பவர் அங்கே திரையில் தெரியும். ஆமாம், நானே! பதினோரு வருஷமாக நெட்வொர்க் வேலை பார்க்கிற நீ, "நான் வர்ற வரைக்கும் கை வைக்காதே" என்று சொன்ன அதே ரவுட்டர்தான்.

ஏன் பொறுக்கவில்லை என்று கேட்பாய். நான் சோதித்த கண் பவரைப் போனில் சொல்ல, அவர் மெஷின் சத்தத்துக்கு நடுவில் எழுதிக்கொள்வதுதானே இத்தனை நாள் வழக்கம்? போன வாரம் தலைமையாசிரியருக்கு நான் மைனஸ் என்றேன், உன் அத்தான் காதில் பிளஸ் என்று விழுந்தது. அந்தக் கண்ணாடியைப் போட்ட மனுஷர் நம் கடை வாசலில் இல்லாத ஒரு படியில் காலைத் தூக்கி வைத்தார். நல்லவேளை, பிடித்துக்கொள்ள என் தோள் இருந்தது. இன்று காலை பள்ளி வேன் டிரைவர் வந்தார். நாளை மறுநாள் லைசென்ஸுக்குக் கண் பரிசோதனையாம். கண்ணாடி இல்லையென்றால் வேலை இல்லை. இதையும் போனை நம்பி விடுவதா? கடைக் கதவில் "சிறிது நேரத்தில் வருவோம்" பலகையை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

ரவுட்டர் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் கடை நெட்வொர்க்கின் நம்பர் 192.168.1; உன் அத்தானைப் போனில் கேட்டால் பட்டறையிலும் 192.168.1! ரெண்டு தெருவுக்கும் ஒரே பேர் வச்சா தபால் எப்படிப்பா போய்ச் சேரும்? எனக்கே இது புரியுது, உனக்குப் புரியாமப் போச்சே! கடைப் பக்கத்து ஒண்ணை ரெண்டா மாத்தி, 'சேமி'யை அமுக்கினேன். திரை வெளுத்துப்போச்சு. என் முகமும்தான். அப்புறம்தான் உறைச்சுது, ரவுட்டர் புது நம்பருக்குக் குடிபோயிடுச்சு, நான் பழைய நம்பர்லயே தேடிக்கிட்டிருக்கேன்னு. புது நம்பரை அடிச்சேன், வந்து நின்னுச்சு பாரு! பிரிண்டர் மட்டும் முறுக்கிக்கிட்டு நின்னுது; அதுக்கும் புது நம்பர் கொடுத்து வழிக்குக் கொண்டுவந்தேன். அடுத்து எதிர்முனை முகவரி, எதிர்முனை நெட்வொர்க், அப்புறம் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்க வேண்டிய ரகசியச் சொல். பட்டறையில உன் அத்தானை உட்கார வச்சு, போன்ல சொல்லிக்கிட்டே வந்தேன்.

"கண்ணாடின்னு போடுங்க."

"போட்டுக்கிட்டுதானே இருக்கேன்?"

"மூக்குல இல்லீங்க, கம்ப்யூட்டர்ல!"

அப்புறம் டிரைவர் பவரை இங்க பதிஞ்சுட்டு, "வேன் டிரைவர் பவர் வந்துச்சா?"ன்னு கேட்டேன். "வரல." எதையோ மாத்தி, "வந்துச்சா?" "வரல." இப்படியே ஏழு தடவை. எட்டாவது தடவை கேட்டப்போ அந்தப் பக்கம் ஏதோ காகிதம் புரள்ற சத்தம். அப்புறம் மெதுவா, "வந்துடுச்சு"ன்னார். "படிங்க, படிங்க!"ன்னு கத்தினேன். "வேன் டிரைவர், வலது கண் மைனஸ்..." அதுக்கு மேல யாருக்குக் காது கேட்டுச்சு? போனை அப்படியே போட்டுட்டுத் தெருவுக்கு ஓடி, எதிர்க்கடை தையல்காரம்மாவைக் கட்டிப்பிடிச்சுட்டேன். அவங்க வாயில குண்டூசி வச்சிருந்ததால பதில் சொல்ல முடியல, ஆனா கண்ணு கலங்கிடுச்சு. குண்டூசி குத்தினதாலயும் இருக்கலாம்.

ஆகவே தம்பி, உனக்கு அலைச்சல் மிச்சம். உன் அலுவலகத்தில் இப்படி ஏதாவது சிக்கல் வந்தால் கூச்சப்படாமல் அக்காவைக் கேள். நீங்கள் இருவரும் எல்லா நலனும் பெற்று நீடூழி வாழ மனமார வாழ்த்தும்,

உன் அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்தில் உன் அத்தான் டிரைவரின் லென்ஸோடு வந்தார். சோதித்தால் போன வருஷத்துப் பவர்! "உங்க திரையில என்னதாங்க தெரிஞ்சுது?" என்றேன். "ஒண்ணும் தெரியல. எட்டாவது தடவை உன் குரலைக் கேட்டப்போ வரலன்னு சொல்ல மனசு வரல. பழைய சீட்டைப் பாத்துப் படிச்சேன்" என்கிறார். எனக்குக் கோபம் வந்தது, பாதியிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. புதுப் பவரைக் கொட்டை எழுத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துத் திரும்பப் பட்டறைக்கே அனுப்பியிருக்கிறேன். பிறகு ரவுட்டரைப் பார்த்தேன். எதிர்முனை முகவரி என்ற இடத்தில் நம் கடை முகவரியையே போட்டிருக்கிறேன். மத்தியானம் முழுக்கக் கடை தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதைத் திருத்தினேன், இப்போது இன்டர்நெட்டே இல்லை. முதல் பஸ்ஸில் கிளம்பி வா என்று உனக்கு இப்போதே போன் செய்யப்போகிறேன். ஆக, நீ வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கும். உன் மனைவிக்கு என் கையெழுத்து வரைக்கும் படித்துக் காட்டு, போதும்.