சேனாவுக்கு ஆளெடுத்த கதை

பயோடேட்டாவில் பொய் சொல்லாத மாப்பிள்ளை உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னது ஒரே ஒரு பொய்தான்: 'பிரெஞ்சு நன்றாகத் தெரியும்.' (தெரிந்தது மூன்று வார்த்தை. அதில் ஒன்று ரொட்டிக்கடைப் பலகையில் பார்த்தது.)

பெண் ரோஸ்லினுக்குப் புதுச்சேரியில் ரெட்டியார்பாளையம். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். போட்டோவைப் பார்த்த நாள் முதல் ரோஸ்லினை விட்டால் எனக்கு வேறு கதியில்லை என்று ஆகிவிட்டது. "பட்டாளத்தப் பத்திப் பேசு, மனுஷன் கவுந்துடுவாரு" என்றார் தரகர். ஒரு வாரம் உட்கார்ந்து ராணுவத்துக்கு ஆளெடுக்கும் விதிகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

ரோஸ்லின் காபி கொடுத்துவிட்டு அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். பெரியவர் ஆரம்பித்தார்.

"தம்பி, சேனாவுக்கு ஆளெடுக்கற முறைய மாத்தணும்னு ஒரே பேச்சா கெடக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

படித்த கேள்வியே வந்துவிட்டது.

"கண்டிப்பா மாத்தணும் மாமா. (அதற்குள் மாமா!) மொதல்ல ஒன்றரை கிலோமீட்டர் ஓட விடணும்."

"ஓட விடறதா? அவ்வளவு பேரும் வயசானவங்களாச்சே?"

"அதான் தப்பு. இருபத்திமூணு வயசுக்கு மேல எடுக்கவே கூடாது."

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இப்ப என்ன மாதிரி சில பேருதான் ஓட்டு போட்டு எடுக்கறோம். ஜனங்களே நேரா எடுக்கட்டும்ங்கறாங்க."

(பட்டாளத்துக்கு ஓட்டுப் போட்டு ஆளெடுப்பார்களா என்று ஒரு நொடி இடித்தது. பிரெஞ்சுக்காரர்கள் வழக்கம் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.)

"ஜனங்களுக்கு என்ன தெரியும் மாமா? டாக்டர்தான் எடுக்கணும். மூச்ச இழுத்தா மாரு அஞ்சு சென்டிமீட்டர் விரியணும். தட்டப் பாதம், மூக்குக் கண்ணாடி, ரெண்டும் ஆகாது."

ரோஸ்லின் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது.

"பப்பா சொல்றது செனட்டுங்க. பாரிஸ்ல இருக்கற மேலவை. பிரெஞ்சுல கடைசி 'ட்'ட சொல்ல மாட்டாங்க, 'சேனா'ம்பாங்க."

வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்களுக்கும் அந்த மேலவையில் உறுப்பினர்கள் உண்டாம். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் சில பேரில் பெரியவரும் ஒருவராம். அந்த மேலவைக்குத்தான் நான் மார்பளவு எடுத்திருக்கிறேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. என் மூக்குக் கண்ணாடியையே பார்த்தார். "உங்க விதிப்படி பாத்தா நீங்களே தேற மாட்டீங்க தம்பி. பிரெஞ்சு தெரியும்னு வேற எழுதியிருந்தீங்க."

எழுந்து செருப்பைத் தேடினேன். மானம் போனதைவிட, இனி அவளைப் பார்க்க முடியாதே என்பதுதான் உறைத்தது.

"பப்பா, இந்த ஒரு எடத்துக்கு மட்டும் நான் நேரா ஓட்டு போட்டுக்கறேன்" என்றாள் ரோஸ்லின்.

போட்டுவிட்டாள். பதினோரு வருஷம் ஆகிறது. மேலவைக்கு நேரடித் தேர்தல் வேண்டும் என்று வீட்டுக்கு வருபவர்கள் யார் பேச்செடுத்தாலும் மாமனார் இப்போது வாதமே செய்வதில்லை. நான் உட்கார்ந்திருக்கும் பக்கம் கையை நீட்டுகிறார்.

"நேரா ஓட்டு போட விட்டா, இப்டித்தான் ஆளு வந்து சேரும்."