பிஸ்கட் தாள் தவளைக்குக் கல்யாணம்

ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழுந்தவர்கள் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனையோ பேர். நிற்கிற பஸ்ஸிலிருந்து விழுந்து, அதுவும் "படியில நிக்காதீங்க, விழுந்து தொலைக்காதீங்க" என்று கத்திக்கொண்டே விழுந்து, தொடை எலும்பை இரண்டாக்கிக்கொண்ட ஒரே கண்டக்டர் எனக்குத் தெரிந்து போலாம்ரைட் அண்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். கேஸ் ஷீட்டில்கூட எழுதியிருந்தார்கள். ஆனால் நர்ஸ் ஊசியோடு வந்தாலும் "போலாம் ரைட்", எதிர்க்கட்டில்காரர் தும்மினாலும் "போலாம் ரைட்" என்று குரல் கொடுக்கிற மனுஷரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது ஓர் ஐப்பசியில். ஒரே ஒரு மழை பெய்து, கொசுவை மட்டும் விட்டுவிட்டு ஓடிப்போன ஐப்பசி. என் மகள் தன்ஷிகாவுக்கு ஏழு வயது. நாலு நாள் காய்ச்சல், ரத்தம் பார்த்தால் டெங்கு. ஊரெல்லாம் காய்ச்சல் என்பதால் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் தனி அறை கிடைக்கவில்லை. ஆறு கட்டில் போட்ட பொது வார்டில் ஒரு கட்டில் கிடைத்ததே பெரிய பாடு. அவள் அப்பா மஸ்கட்டில். நான் ஒருத்தி, ஒரு பிளாஸ்க், ஒரு கட்டைப்பை.

டாக்டர் நல்லவர், ஆனால் சுருக்கமான ஆள். "மருந்துன்னு பெருசா ஒண்ணும் இல்லம்மா. டிரிப்ஸ் ஏறட்டும், ஆனா வாய் வழியாவும் நிறைய போகணும். தண்ணி குடிக்கணும், ஒண்ணுக்குப் போகணும். ரெண்டும் நடந்தா பயமில்ல. நடக்கலைன்னா திருச்சிக்கு எழுதிடுவேன்."

திருச்சி ஒன்றும் கண்காணாத சீமை இல்லை. துணி எடுக்கப் போகிறோம், கீரனூர்க்காரர்கள் தினமும் வேலைக்கே போய்வருகிறார்கள். ஆனால் ஒரு டாக்டர் வாயிலிருந்து "திருச்சிக்கு எழுதிடுவேன்" என்று வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் ஆம்புலன்ஸுக்குப் பணம் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். நானும் எண்ணினேன்.

கலங்காதவள் என் மகள்தான். உப்புக்கரைசல், இளநீர், மோர், கஞ்சி எதுவானாலும் டம்ளர் கிட்டே வந்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். அவள் அப்பாவின் பிடிவாதம். என் வீட்டுப் பக்கம் அப்படி யாரும் கிடையாது.

இந்தப் போராட்டத்தைப் பக்கத்துக் கட்டிலிலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு காலை நீட்டி, அதில் எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கால்தான் கட்டு, வாய் கட்டு இல்லை.

"தங்கச்சி, அந்த மருந்துக் கட பில்லு வேணுமா?"

"எதுக்குண்ணே?"

"ஒரு பாசஞ்சர ஏத்தணும்."

பில்லை வாங்கி இப்படி மடித்தார், அப்படி மடித்தார், வயிற்றில் வைத்து நீவினார். பார்த்தால் தவளை. சாப்பாட்டு மேசையை இரண்டு கட்டிலுக்கும் நடுவே பாலமாக இழுத்துப்போட்டு, தவளையின் முதுகில் ஒரு விரலால் அமுக்கினார். அது எகிறி நேரே தன்ஷிகாவின் தலையணையில் போய் விழுந்தது.

"இவரு பேரு செக்கரு" என்றார். "முப்பது வருசமா என்னைய வெரட்டுனவுக ஞாபகமா வச்ச பேரு. எந்த எடத்துல குதிச்சு ஏறுவாருன்னு ஆண்டவனுக்கே தெரியாது."

அன்றைக்கே ரூட் போட்டாகிவிட்டது. நர்ஸ் மேசை கீரனூர். கைகழுவும் தொட்டிக்குப் பின்னால் சுவரில் ஈரம் ஊறிப் பச்சையும் சிவப்புமாகச் சுண்ணாம்பு உரிந்து கிடக்கும், அது சித்தன்னவாசல். "ஓவியத்தத் தொடப்படாது, பாக்க மட்டுந்தான்" என்று அறிவிப்பு வேறு. எதிர்க்கட்டிலில் சர்க்கரைப் புண்ணோடு படுத்திருந்த மளிகைக்கடைக்காரருக்கு வஞ்சகமில்லாத தொப்பை. போர்வை போர்த்திப் படுத்தால் திருமயம் கோட்டை. என் வேலை, செக்கரைக் கையில் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் குதிக்கவிடுவது. எம்.காம். படித்தவள் நான்.

"கோட்டையில ஏறப்போறாரு செக்கரு! டிக்கெட் ஒரு ஸ்டாப்புக்கு ஒரு மொடக்கு! தண்ணி குடிக்காதவுக எறங்கிக்கிடலாம்!"

தன்ஷிகா ஒரு மடக்கு குடித்தாள். கோட்டை மேல் தவளை ஏறியது. மளிகைக்கடைக்காரர் மூச்சை இழுத்துவிட்டார், தவளை உருண்டு விழுந்தது. அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! இன்னொரு மடக்கு. இரண்டு நாளில் செக்கர் மாவட்டத்தையே சுற்றிவந்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வந்து, "ப்ளட் ரிப்போர்ட் எங்க?" என்றார். கட்டிலில் தேடினேன், பையில் தேடினேன், தலையணைக்கடியில் தேடினேன். அண்ணன் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர்கள் சில்லறை கேட்கும்போது பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"அண்ணே..."

"நேத்து தாள் பத்தலை தங்கச்சி. செக்கருக்கு ஒரு தம்பி வேணும்னு பாப்பா கேட்டுச்சு."

தம்பித் தவளையை டாக்டர் கையில் கொடுத்தேன். அவர் அதன் காலைப் பிரித்தார், கழுத்தைப் பிரித்தார், வயிற்றில் எழுதியிருந்த ப்ளேட்லெட்டைப் படித்தார். முகத்தில் சிரிப்பில்லை. "இன்னைக்கும் நாளைக்கும்தான் கவனமா இருக்கணும். குடிக்கிறதை விட்டுராதீங்க" என்றார். போகும்போது அதைத் திரும்ப மடிக்கப் பார்த்தார். வரவில்லை. எம்.டி. படித்தவர் அவர்.

அந்த முக்கியமான நாளில்தான் அண்ணன் அந்தக் காரியத்தைச் செய்தார்.

"செக்கருக்குத் தாகமாம் தாயி, ஒன் தண்ணியில கொஞ்சம் குடுப்பியா?" என்று சொல்லி, செக்கரின் வாயை உப்புக்கரைசல் டம்ளருக்குள் முக்கினார். மருந்துக் கடை பில்லுக்கு எவ்வளவு உயிர் இருக்கும்? ஊறிப்போன அப்பளம் மாதிரி முதலில் முன்னங்கால் தொங்கியது, பிறகு பின்னங்கால், பிறகு மொத்தமாகப் பிரிந்து மேசையில் ஒட்டிக்கொண்டது.

மளிகைக்கடைக்காரர் தலையைத் தூக்கி மேசையை எட்டிப் பார்த்தார்.

"மாமா" என்றாள் தன்ஷிகா. "செக்கரு தண்ணி குடிச்சுத்தான் செத்துப்போச்சு."

"அது... தாயி... அது வந்து..."

"நானும் குடிக்க மாட்டேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டம்ளரைக் கொண்டுபோனால் அழுகை. வெறும் பிடிவாதமாக இருந்தால் சமாளித்திருப்பேன். இது பயம். குடித்தால் செத்துப்போவோம் என்று பிள்ளை நிஜமாகவே நம்பிவிட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்டு என்றும் பார்க்கவில்லை. "ஏண்ணே, தவளைக்குத் தண்ணி ஊட்டச் சொல்லி ஒங்கள யாரு கேட்டா? புத்தி இருக்கா ஒங்களுக்கு?" என்று கத்திவிட்டேன். அவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். மத்தியானம் அவர் மனைவி கேரியரில் கொண்டுவந்த சாப்பாட்டை அப்படியே திருப்பி அனுப்பினார்.

காலையிலிருந்து பிள்ளை ஒரு சொட்டு ஒண்ணுக்குப் போகவில்லை. டாக்டர் வந்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கைகால் சூட்டைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும் பாப்போம்மா. அதுக்குள்ள போகலைன்னா திருச்சிக்கு எழுதிடுறேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லி வைங்க." நான் குலசாமியிலிருந்து ஆரம்பித்து, போகிற வழியில் இருக்கிற எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டேன்.

மூன்று மணி இருக்கும். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி, கோவம் தணிஞ்சுருச்சா? தணியலைன்னாலும் சரி, அந்தப் பிஸ்கட் பாக்கெட்டு தாளு ரெண்டு குடு."

பளபளவென்று இரண்டு தாள், ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ். மடித்தார். சிஸ்டரிடம் கெஞ்சி ஒரு ஸ்டீல் தட்டில் தண்ணீர் வாங்கினார். இரண்டு தவளைகளையும் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சுவர்ப்பக்கம் படுத்திருந்தவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்த்ததும் துள்ளி உட்கார்ந்தாள்.

"வேணாம் மாமா! செத்துப்போயிரும்!"

அவர் தண்ணீரில் விட்டுவிட்டார். இரண்டும் ஜம்மென்று மிதந்தன.

"பாத்தியா? சாகல. செக்கரு காயிதம். அவருக்குத் தண்ணி ஆகாது. அது தெரியாம எறக்குன மடப்பய நாந்தேன். தப்பு எம்மேல தாயி, தண்ணி மேல இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் விளையாட்டே இல்லை. தன்ஷிகா நெடுநேரம் அந்தத் தட்டையே பார்த்தாள். ரோஸ் தவளையை விரலால் ஒருமுறை அமுக்கினாள். அது முங்கி, திரும்ப மேலே வந்தது.

"இது யாரு?"

"பொண்ணு. அந்த மஞ்சத் துண்டு மாப்ள. எங்க ஊர்ப்பக்கம் மழை பேயலைன்னா தவளைக்குக் கல்யாணம் பண்ணி வைப்பாக. இன்னைக்கு முகூர்த்தம். நான் மாப்ள வீடு, நீ பொண்ணு வீடு. சம்மதமா சம்பந்தி?"

அவ்வளவுதான், வார்டு கல்யாண மண்டபமாகிவிட்டது. சிஸ்டர் கட்டுத்துணியில் ஒரு நூலை உருவி, புண்ணுக்குப் போடுகிற மஞ்சள் மருந்தில் தோய்த்துத் தாலி கொண்டுவந்தார். மளிகைக்கடைக்காரர் வாயாலேயே நாதஸ்வரம் வாசித்து, சாப்பாட்டுத் தட்டில் தவில் அடித்தார். தாலி கட்டப் போகிற நேரத்தில் அண்ணன் கையை உயர்த்தினார்.

"ஹோல்டான்! பொண்ணு வீட்டுல இன்னும் கை நனைக்கலையே. பொண்ணு வீட்டுக்காரவுக குடிச்சிட்டுக் குடுத்தாத்தேன் நாங்க கை நனைப்போம். இல்லாட்டி கல்யாணம் நின்னுரும்."

தன்ஷிகா டம்ளரைப் பார்த்தாள். தவளையைப் பார்த்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். முழு டம்ளர்! குடித்துவிட்டு, செத்துவிட்டோமா என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். பிறகு அதிகாரமாகச் சொன்னாள்: "இப்ப நீங்க குடிங்க, சம்பந்தி."

அண்ணனுக்கும் ஒரு டம்ளர் உப்புக்கரைசல். ஒரு மடக்கு குடித்ததும் முகம் எட்டு கோணலாயிற்று. "அடி ஆத்தீ! இந்தக் கண்றாவியவா மூணு நாளா பாப்பாவக் குடிக்கச் சொன்னீங்க?" அவள் விடவில்லை. "மாப்ள வீடு மிச்சம் வைக்கக் கூடாது." அவர் குடிக்க, மளிகைக்கடைக்காரர் குடிக்க, சிஸ்டர் குடிக்க, நான் குடிக்க, அவளும் இரண்டாவது டம்ளர் குடித்தாள்.

அந்த நேரம் பார்த்து மஸ்கட்டிலிருந்து போன். "என்னடி மேளச் சத்தம்? பிள்ளைக்குச் சீரியஸ்னு சொல்லிட்டு யாரு கல்யாணத்துல நிக்கிற?"

"நம்ம வீட்டுக் கல்யாணந்தாங்க, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். பாவம், அரைமணி நேரம் என்ன நினைத்தாரோ!

தாலி கட்டியாகிவிட்டது. "இனி மழை வரணும்" என்றார் அண்ணன். எல்லாரும் ஜன்னலைப் பார்த்தோம். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றே முக்கால். மளிகைக்கடைக்காரரின் நாதஸ்வரம் மெல்ல நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அம்மா" என்றாள் தன்ஷிகா. "ஒண்ணுக்கு வருது."

சிஸ்டர் ஓடினார், நான் ஓடினேன். திரையை இழுத்து மூடினோம். வார்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

"மழை!" என்று கத்தினார் மளிகைக்கடைக்காரர்.

"பேயுது! பேயுது!" என்று கட்டிலைத் தட்டினார் அண்ணன், எடைக்கல் ஆட ஆட.

"யாரும் கேக்காதீங்க!" என்று திரைக்குள்ளிருந்து அலறினாள் என் மகள்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். "சம்பந்தி வீட்டுப் பொம்பள கல்யாணத்துல அழுகப்படாது தங்கச்சி" என்றார் அண்ணன். திரையை விலக்கிப் பார்த்தால் அவர் கண்ணும் அப்படித்தான் இருந்தது.

டாக்டர் எழுதவில்லை. மூன்று நாள் கழித்து வீட்டுக்குப் போகலாம் என்றார். பிள்ளையைப் பிழைக்க வைத்தது டிரிப்ஸும் டாக்டரும்தான், எனக்குத் தெரியும். தவளை பிழைக்க வைத்தது என்று நான் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

பையைக் கட்டிக்கொண்டு கிளம்பின அன்றைக்குத்தான் அண்ணனுக்குத் தொடையில் ஆபரேஷன். தள்ளுவண்டி வந்து நின்றது. "போலாம் ரைட்"கூட வரவில்லை மனுஷரிடம், உதடு வெளுத்திருந்தது. "நாலு நாளைக்கு முன்னாடியே பண்ண வேண்டியது" என்றார் அவர் மனைவி. "பாப்பாவுக்குச் சரியாகட்டும்னு டாக்டர்கிட்ட சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாரு. பாப்பாவாவது ஒண்ணாவது, எல்லாம் பயம். கத்தியக் கண்டா தொட நடுங்கி." பாசமோ பயமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ரெண்டுமாகத்தான் இருக்கும்.

"மாமா வெளிய வாரவரைக்கும் நான் வரல" என்று தன்ஷிகா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிடிவாதம்தான் தெரியுமே. டிஸ்சார்ஜ் ஆன பிறகும் மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்திருந்த குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். மயக்கம் பாதிதான் தெளிந்திருந்தது. மனைவி, "இந்தா, என்னையத் தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை. கண் சுழன்று சுழன்று எதையோ தேடியது. என்னைப் பார்த்ததும் நின்றது.

"தங்கச்சி" என்றார் குழறலாக. "பாப்பா ஒண்ணுக்குப் போச்சா?"

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. "போச்சுண்ணே, நல்லா போச்சு" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் எங்கண்ணன் நிம்மதியாகத் தூங்கினார்.